கோழி எருவில் காய்ந்த வெந்நீர்

மலேசியாவின் கேமரன் மலையில் பிறந்தவனுக்குக் குளிரே தெரியாது என்று கீழே இருப்பவர்கள் நம்புகிறார்கள். சுத்தப் பொய். டிசம்பர் மழையில், காலை ஆறு மணிக்குக் குளியலறைக் குழாயைத் திறந்து கையை நீட்டினால், மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் கிடக்கும் எங்களுக்கும் உயிர் போய்த்தான் வரும். என்ன, நாங்கள் வெளியே சொல்வதில்லை. முகத்தை மட்டும் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, குளித்தவன் மாதிரி நடமாடுவதில் நான் கெட்டிக்காரன். (என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

எங்கள் லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்தான் லயம்) குளிப்பதற்கு வெந்நீர் அடுப்பில்தான் காய வேண்டும். முன்பெல்லாம் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டியதும் அந்தக் குச்சிகளை விறகுக்கு அள்ளிக்கொண்டு வரலாம். பிறகு, வெட்டியது மண்ணுக்கே உரமாகட்டும், யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எல்லாரும் கேஸ் தோங்குக்கு மாறினோம். (சிலிண்டர்தான். எங்களுக்கு அது தோங்.) அதன் விலை ஏறியது. மூச்சு விட்டுக்கொண்டு மறுபடியும் ஏறியது. அம்மா அண்டாவை அடுப்பில் ஏற்றினால் போதும், அப்பா பக்கத்தில் வந்து நின்று, "போதும் போதும், ஆவி வந்துருச்சு" என்று அடுப்பை அணைக்கப் பார்ப்பார். அந்த வெதுவெதுப்பில் பாதி குளியல், மீதி நடுக்கம்.

இந்த லட்சணத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் மாலா, ஊர் மலைக்குக் கீழே தெலுக் இந்தான். எனக்குப் பிடித்துவிட்டது. எவ்வளவு பிடித்தது என்றால், மலைப்பாதை வளைவுகளில் தவறாமல் வாந்தி எடுக்கும் நான், அன்று திரும்பி வரும்போது எடுக்கவில்லை. (மலையில் பிறந்தவனுக்கு இதெல்லாம் வராது என்பதும் பொய்தான்.) மாலாவுக்கும் சம்மதம். இழுத்தடித்தது அவள் அப்பா மட்டும். லோரி ஓட்டி ஓய்ந்த மனிதர், எதையும் நேரில் பார்க்காமல் நம்ப மாட்டார்.

"பிள்ளைக்குச் சின்னதுலேர்ந்து சளித் தொந்தரவு," என்றார். "அந்தக் குளிர்ல எப்படி இருப்பா? நான் வந்து ஒரு நாள் தங்கிப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்வேன்."

ஆக, என் கல்யாணம் ஒரு வாளி வெந்நீரில் வந்து நின்றது.

அப்போது நான் கியா பார்ம் என்ற ஊரில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை பார்த்தேன். அங்கே கோழி எருவை மரத்தூளோடு கலந்து குவித்து வைத்திருப்பார்கள். மழைக்கால காலையில் அந்தக் குவியல் புகை மாதிரி ஆவி விடும். தோட்டத்து நாய்க்கு அதன் மேல்தான் படுக்கை. ஒரு நாள் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். (உறை போட்டுத்தான். நான் அவ்வளவு மோசமில்லை.) சுட்டது. செடிக்குத் தண்ணீர் விடும் கறுப்புக் குழாயைச் சுருட்டி இதற்குள் புதைத்து, அதன் வழியாகத் தண்ணீரை விட்டால் என்ன என்று தோன்றியது. அதிகம் படிக்காதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன். படித்தவனுக்கு இதெல்லாம் தோன்றாது.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்குப் பின்னால் என் உயரத்துக்கு ஒரு மேடு எழுந்தது. மேலே தொட்டியிலிருந்து வரும் குழாய், மேட்டுக்குள் பல சுற்று சுற்றி, குளியலறைக்குள் போனது. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏண்டா குமரேசா, ஊர்ல எல்லாரும் கோழிய வாங்கியாந்து வளப்பாங்க. நீ என்னடா, அது போட்டத மட்டும் கொண்டாந்திருக்க?"

நான்காம் நாள் குழாயைத் திறந்தேன். கொதிக்கவில்லை, ஆனால் அருமையான சூடு. ஒரு சொட்டு கேஸ் செலவில்லை. லயமே வாளியோடு வந்தது. சரோஜா அக்காவும் வந்தாள், ஒரு கையில் மூக்கு, மறு கையில் இரண்டு வாளி. தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கான கிராணி வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்து மேனேஜர் துரை கூப்பிட்டுப் பாராட்டுவார் என்று ஒரு சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்தேன். (கூப்பிட்டார். ஈ மொய்க்கிறதாம்.)

மாலாவின் அப்பாவும் அம்மாவும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. வருகிறவர்களுக்கு இன்னும் நல்ல சூடாகக் கொடுக்க வேண்டாமா? அன்று மதியமே மேட்டைக் கிளறி, புது எரு கொண்டுவந்து போட்டேன். மண்வெட்டியால் வெட்டி வெட்டி நன்றாக அமுக்கினேன். அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் கேஸ்லயே காய வைக்கிறேன்டா. வந்தவங்களாச்சே."

"நம்ம தண்ணிய நீயே நம்பலைன்னா எப்படிம்மா?" என்றேன், வானொலியில் பேட்டி கொடுக்கிறவன் மாதிரி.

ஞாயிறு காலை. மாலாவின் அப்பா இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், காதில் மப்ளர் எல்லாம் கழற்றிவிட்டு நடுங்கிக்கொண்டே குளியலறைக்குள் போனார். நான் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றேன்.

"தம்பி, சூடு நல்லா இருக்கு லா."

"எல்லாம் உங்களுக்குத்தான் மாமா. தாராளமா ஊத்துங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, தண்ணி தேத்தண்ணி நெறத்துல வருதே."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? ஊற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் மேட்டைப் பார்ப்பான். நான் சொன்னேன்: "மலைத் தண்ணி மாமா. தேயில வேர்ல ஊறி வருது. ஒடம்புக்கு ரொம்ப நல்லது."

"அப்படியா?" என்றார். தலைக்கு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நல்லவேளை, பல்லை முன்பே விளக்கியிருந்தார்.

சிரித்த முகத்தோடு வெளியே வந்து சோபாவில் உட்கார்ந்தார். மாலாவின் அம்மா சோபாவின் அந்த ஓரத்துக்கு நகர்ந்தார். பிறகு நாற்காலிக்கு மாறினார். என் அப்பா, அந்தக் குளிரில், எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். கடைசியில் மாமாவே தன் முழங்கையைத் தூக்கி மோந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து சரோஜா அக்கா பின்கதவில் வாளியோடு வந்து நின்றாள்.

"குமரேசா, தண்ணி பிடிக்காத லா. குழாயில அப்படியே கோழிப்பீ வருது. நான் வாசல் கழுவக்கூட ஊத்தல."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

"தேயில வேர்?" என்றார்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை நான் போட்ட வெட்டில் ஒன்று குழாயிலேயே விழுந்திருக்கிறது. ராத்திரி மழையில், மேலே தொட்டி வாயில் சருகு அடைத்துத் தண்ணீர் நின்றுபோக, காலியான குழாய்க்குள் மேட்டுச் சாறு மெதுவாக இறங்கிக் குடியேறிவிட்டது. அடைப்பு விட்டதும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு நேராக மாமா தலையில் கொண்டுவந்து சேர்த்தது.

அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். அண்டா அண்டாவாக வெந்நீர் காய்ந்தது. அன்று அப்பா அடுப்புப் பக்கமே வரவில்லை. மாமா மூன்று முறை குளித்தார். மூன்றாவது குளியலில், அவர் தலையில் சோப்பு நுரையோடு நிற்கையில் தோங் தீர்ந்துபோனது. இத்தனை நாள் நான் மிச்சம் பிடித்த கேஸ் அத்தனையும் ஒரே காலையில் போச்சு. சரோஜா அக்கா தன் வீட்டுத் தோங்கைத் தானே உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். எனக்காக இல்லை, அந்த மனுஷனுக்காக என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள்.

நான் பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, நிஜமாகவே. பிடித்த பெண் கை நழுவிப் போக உலகத்தில் ஆயிரம் காரணம் இருக்கலாம். எனக்கு மட்டும் ஏன் இப்படி ஒன்று?

உள்ளே மாமாவின் கைப்பேசி அடித்தது. மாலாதான். காது கேட்காதவர் மாதிரி அவர் எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். அதனால் எல்லாம் எனக்குக் கேட்டது.

"அப்பா, அங்க குளிர் எப்படிப்பா?"

"குளிர் தெரியலம்மா. காலையிலேர்ந்து நாலு தடவ குளிச்சுட்டேன்."

"நாலு தடவையா? இங்க உங்கள ஒரு தடவ குளிக்க வைக்கிறதே பெரும்பாடாச்சே."

அவர் நடந்ததைச் சொன்னார். தேயிலை வேரையும் விடாமல் சொன்னார். செத்தேன் என்று நினைத்தேன். பிறகு மாலா சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு முட்டி, இருமி, மறுபடியும் சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும்வரை மாமா கைப்பேசியை வைக்கவில்லை.

"மாப்பிள்ளை," என்று கூப்பிட்டார்.

அதுவரை நான் தம்பி. எழுந்து ஓடிப்போய் நின்றேன்.

"மொதல்ல அந்த மேட்ட எடுங்க. ஹீட்டர் நான் வாங்கித் தர்றேன். கேஸ் வெல ஏறட்டும், கரண்டு வெல ஏறட்டும், எம்பொண்ணுக்குத் தண்ணி வெள்ளையா வரணும்."

அந்த ஹீட்டர் இன்றும் பிறகு நாங்கள் குடிபோன பிரிஞ்சாங் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் மாமா வருவார். வந்தால், முதலில் நான் குளித்துவிட்டு வந்து அவர் முன்னால் தலையைக் குனிய வேண்டும். அவர் நிதானமாக மோந்து பார்த்து, தலையை ஆட்டிய பிறகுதான் தன் துண்டை எடுப்பார். மாலா இன்றைக்கும் அதே மாதிரி இருமி இருமிச் சிரிப்பாள்.

எங்கள் மகளுக்கு நான்கு வயது. அவளும் குளித்து முடித்ததும் ஈரத் தலையோடு நேராகத் தாத்தாவிடம் ஓடிப்போய்க் குனிந்து நிற்கிறாள். எல்லார் வீட்டிலும் இப்படித்தான் குளிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது பிள்ளை.