சிக்கன் பாக்ஸ் கொண்டுபோன நாள்

காலை பதினொன்று இருபது. முதலில் கண்ணில் பட்டது வாசல் நிலையில் செருகியிருந்த பச்சை இலைக்கொத்து. என்னை வரவேற்க மாவிலை கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மகிழ்ச்சியில் தலைமுடியை ஒருமுறை கோதிக்கொண்டேன்.

பெடாஸ் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே வரிசையாக நிற்கும் வீடுகளில் கடைசி வீடு அது. யோகேஸ்வரியின் வீடு. நானும் அவளும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவெடுத்திருந்தோம். அவள் அப்பா அவளிடம், "நான் சொல்றதுக்கு ஒன்னும் இல்ல, உங்க அம்மா பாத்து சரின்னா சரி" என்று ஒதுங்கிக்கொண்டார். அம்மாவோ மூத்த மகளின் பிரசவத்துக்காகக் கிள்ளானில் இருந்தார். இதற்கிடையில் தம்பின் ஊரிலிருந்து ஒரு வங்கி அதிகாரி குடும்பம் அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது. அதற்குள் அம்மா என்னைப் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் யோகேஸ் தம்பினுக்குப் போய்விடுவாள்.

அந்த நிலையில்தான் முதல்நாள் மாலை அவளிடமிருந்து குரல்பதிவு வந்தது. "வீட்டுக்கு அம்மா வந்திருக்காங்க" என்று தொடங்கியது. அதோடு நிறுத்திவிட்டேன். முக்கியமான தகவல் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும் என்பது பத்திரிகை அலுவலகத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். (மிச்சத்தை இடம் போதாவிட்டால் வெட்டிவிடலாம்.)

மறுநாள் காலை நான் தங்கியிருந்த லோபாக்கில் முடிவெட்டி, வாசனைத் திரவியம் அடித்து, சிரம்பானில் ஒரு பெட்டி நிறையப் பொரித்த கோழி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது அல்லவா?

யோகேஸின் அப்பா வாசலில் நின்றிருந்தார். தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வுபெற்றவர். தோளில் துண்டு. பார்வையிலேயே ஆளை எடைபோடும் பழக்கம் போகவில்லை.

"வணக்கம் அங்கிள். நான் பேப்பர்ல வேலை செய்றேன். யோகேஸ் சொல்லியிருப்பாங்க."

"ஓ, லோபாக் தம்பியா?" தயங்கினார். "வீட்டுல அம்மா வந்திருக்காங்க தம்பி."

"தெரியும் அங்கிள். அம்மாவ பாக்கத்தான் வந்தேன்."

துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அம்மாவ பாக்கவா! பக்கத்து வீட்டுக்காரனே ரோட்ட சுத்திக்கிட்டுப் போறான்லா."

அண்டை வீட்டார் சுற்றிப் போகிற அளவுக்கு என்ன சுபாவம் என்று எனக்குக் கொஞ்சம் கலக்கம்.

"ரொம்ப கோவக்காரங்களா, அங்கிள்?"

"கோவம் இல்லாம வருவாங்களா? ஆனா இந்தத் தடவ சாந்தமாத்தான் இருக்காங்க. மொதல்ல ஒரே காய்ச்சல். அப்புறம் முத்து முத்தா போட்டுட்டாங்க."

காய்ச்சலிலும் முத்துமாலை போட்டுக்கொள்கிற பெண்மணி. வசதியான குடும்பம்தான் போலிருக்கிறது.

"இப்ப எங்க இருக்காங்க?"

"மேலதான்."

அண்ணாந்து பார்த்தேன். துத்தநாகக் கூரை. அதற்கு மேல் வானம்.

"திரும்ப எப்ப போவாங்க?"

"அது அவங்க இஷ்டம். மூணு தண்ணி ஊத்தினா எறங்கிடுவாங்க."

தண்ணி என்றால் எங்கள் பக்கத்தில் தேநீராகவும் இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். மூன்று ஊற்றினால்தான் இறங்குவார் என்றால் எது என்று ஊகித்துக்கொண்டேன். வருங்கால மாமியாரின் பழக்கத்தைப் பற்றி முதல் நாளே விசாரிப்பது மரியாதை இல்லை என்று பேச்சை மாற்றினேன்.

"அம்மாவுக்காகக் கொண்டுவந்தேன் அங்கிள்" என்று இரண்டு கையாலும் பெட்டியை நீட்டி, மூடியைத் திறந்தேன்.

கடுகுகூடத் தாளிக்காமல் இருந்த வீடு அது என்பது எனக்கு அப்போது தெரியாது. பொரித்த கோழியின் வாசனை கூடத்துக்குள் நுழைந்தது. அவர் முகம் மாறியது. உள்ளே திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆணின் குரல் கேட்டது.

"அப்பா, என்னா வாசனை அது?"

திரை விலகியது. யோகேஸின் அண்ணன் சரவணன் நின்றார். லாரி ஓட்டுகிறவர், ஆறடி உயரம், இடுப்பில் சாரோங் கைலி, கையில் வேப்பிலை. நெற்றியிலிருந்து வயிறுவரை கொப்புளங்கள். முத்து முத்தாக.

எனக்கு அம்மா யார் என்று புரிந்தது. எங்கள் வீட்டில் அதற்கு சிக்கன் பாக்ஸ் என்றுதான் பெயர். பத்திரிகையில் நான் எழுதும்போது சின்னம்மை. அம்மா வருவாள், உடம்பு மேலேயே இருப்பாள், முத்துப் போடுவாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் இறங்குவாள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சரவணன் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். நாலு நாள் கஞ்சி குடித்த வாய் அது.

"அப்பா! சிக்கன் பாக்ஸ் வந்த வீட்டுக்கு சிக்கன் பாக்ஸ் கொண்டாந்திருக்காருப்பா!"

சிரிப்பில் சொறிந்துகொள்ளவும் மறந்துபோனார். (தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான் என்பதை நான் அந்த நிலையிலும் கவனித்தேன்.)

பின்கட்டிலிருந்து இளநீரோடு வந்த யோகேஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாய்ஸ் முழுசா கேக்கலையா நீங்க?"

அங்கேயே கேட்டேன். இரண்டாம் வரி: "அண்ணனுக்கு. இந்தப் பக்கம் வந்துடாதீங்க."

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "வாசல்ல மாவிலைத் தோரணம் இருந்துச்சா, அதான் விசேஷம்னு…"

அவள் அப்பா நிலையைப் பார்த்தார். ஓர் இலையைப் பறித்து என் கையில் வைத்தார். ரம்பம் போல ஓரம் வெட்டிய சின்ன இலை.

"பேப்பர்ல என்னா எழுதுறீங்க தம்பி?"

"சுகாதாரப் பக்கம், அங்கிள்."

அந்த வாரம்தான் 'இன்ஃபுளுவன்சா போன்ற தொற்றுநோய் கண்ட வீட்டுக்குச் செல்வதைத் தவிர்க்கவும்' என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். நல்லவேளை, அவர் படித்திருக்கவில்லை. கால் கழுவச் சொல்லி, சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, மன்னிப்புக் கேட்க வைத்து அனுப்பினார். கோழி தோட்டத்து நாய்களுக்குப் போனது. அது போன திசையையே சரவணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து எனக்குக் காய்ச்சல், உடம்புவலி. இன்ஃபுளுவன்சா என்று நானே முடிவு செய்து அலுவலகத்துக்கும் அறிவித்தேன். மறுநாள் மார்பில் முத்துகள் வந்தன. கிளினிக்கில் மருந்தும் விடுப்பும் கொடுத்தார்கள். அறைத் தோழர்கள் தலையணையோடு வெளியேறினார்கள். சுடுதண்ணீர் வைத்துக்கொடுக்க ஆள் இல்லாமல் கிடந்தபோது, வாசலில் லாரிச் சத்தம். சரவணன் ஓட்ட, அவர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தார்.

"அம்மாவ பாக்கணும்னு சொன்னீங்கல்ல தம்பி? இப்ப நல்லா பாத்துக்குங்க."

"உங்களுக்கு எதுக்கு அங்கிள் சிரமம்?"

"எங்க வீட்டுலேருந்துதான உங்ககிட்ட வந்தாங்க. நாங்கதான் பாக்கணும். எங்களுக்கெல்லாம் ஏற்கனவே போட்டாச்சு. எந்திரிங்க."

அப்படித்தான் யோகேஸின் அம்மா கிள்ளானிலிருந்து திரும்பியபோது, தன் வீட்டுக் கூடத்தில், தன் மகனின் சாரோங்கில், வேப்பிலைமேல் படுத்திருந்த என்னை முதன்முதலாகப் பார்த்தார். கழுத்தில் முத்துமாலை ஏதும் இல்லை. நெடுநேரம் பார்த்தார். நான் எழுந்திருக்க முயன்றேன். சாரோங் ஒத்துழைக்கவில்லை.

"படுங்க, படுங்க" என்றவர் கணவரிடம் திரும்பினார். "தம்பின்காரங்க என்னா ஆனாங்க?"

"அம்மா வந்திருக்குன்னு கேட்டதும் பெடாஸ் முச்சந்தியிலயே காடியத் திருப்பிட்டாங்க. அப்புறம் போனே இல்ல."

"இவரு?"

"கோழியோட உள்ள வந்துட்டாரு."

அம்மா ஒரு வேப்பங்கொத்தை எடுத்து எனக்கு விசிறத் தொடங்கினார். "அப்ப சரி" என்றார்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று யோகேஸ் எனக்குக் கண்ணாடி காட்டினாள். நெற்றியில் ஒரு சின்னப் பள்ளம் மட்டும் நின்றுவிட்டது. கல்யாணப் படத்தில் அதன்மேல் சந்தனம் இருக்கிறது. குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், "பேப்பர்காரருக்குச் சொல்லாதீங்கலா, கோழியோட வந்துடுவாரு" என்று சரவணன் மச்சான்தான் முதலில் சொல்வார். வீட்டு விசேஷங்களில் எனக்கு நாற்காலி தூக்கும் வேலை தருவார்கள். தோரணம் கட்டும் வேலை தருவதில்லை.

இப்போது நாங்கள் லோபாக்கில் சொந்த வீட்டில் இருக்கிறோம். வாசலில் இடப்பக்கம் ஒரு மாமரம், வலப்பக்கம் ஒரு வேப்பமரம். இரண்டும் மாமனார் நட்டவை. இரண்டிலும் பெயர் எழுதிய பலகை மாட்டியிருக்கிறார்.