பாசி சாரும் என் ஆண் பப்பாளியும்

லிங்கராஜபுரத்தில், சுவரில் பாசி பிடிக்கவில்லையே என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் அடுத்த வீட்டுப் பாசி சார்தான். ஏதோ ஒரு கல்லூரியில் தாவரவியல் லேப் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் ஊரே செடிக்குத் தண்ணீர் ஊற்றும்; அவர் காம்பவுண்டு சுவருக்கு ஊற்றுவார்.

"இதுக்குப் பூவும் இல்ல, விதையும் இல்லம்மா. ஆண் அணு தண்ணியில நீந்திப் போய்த்தான் பெண்ணைப் பார்க்கணும். ஈரம் இல்லன்னா கல்யாணமே நடக்காது" என்று லென்ஸை என் மனைவியிடம் நீட்டுவார்.

"எவ்ளோ விஷயம் தெரியுது பாருங்க அவருக்கு!" என்று அவள் என்னிடம் உருகுவாள். நான் வாங்கி வைத்த மூன்று ரோஜாவும் செத்துப்போன வாரம் அது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவருடைய பெரணிச் செடியின் இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். "உங்க செடிக்கு நோய் வந்துடுச்சு போல சார்" என்றேன், குரலில் முடிந்த அளவு துக்கத்தைச் சேர்த்து.

"நோயா? விதைக்குப் பதிலா அதுக்கு இந்தத் தூள்தான் சார். காத்துல பறந்து போய் ஈரத்துல முளைக்கும்."

மனைவி அன்றே ஒரு பெரணி கேட்டு வாங்கி, என் ரோஜாத் தொட்டியிலேயே நட்டாள்.

அப்புறம் வந்தது பப்பாளி. ஒரே பழத்து விதையை இரண்டு பேரும் போட்டோம். அவர் மரத்தில் காய்மேல் காய். என்னுடையதில் நீளக் காம்புகளில் சரம்சரமாகப் பூ மட்டும். பேருக்கு ஒரு பிஞ்சு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டுக்கத்தியோடு இறங்கினேன்.

வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு ஓடிவந்தார். "ஸ்வல்ப, கொஞ்சம் நில்லுங்க சார்! உங்களுது ஆண் மரம். என் மரத்துக் காய்க்கெல்லாம் அப்பா அதுதான்!"

மகரந்தம் என்னுடையது, பெயர் அவருக்கா? கத்தியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் திரும்பி ஓடி, பழுத்திருந்த ஒன்றைப் பறித்துவந்தார். மனைவியிடம் நீட்டவில்லை, என் கையிலேயே கொடுத்தார். "உங்க வீட்டுப் பிள்ளை சார்."

மரம் தப்பியது.

பிறகு அவர் சந்தாபுராவில் மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். நிம்மதி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து போன் வந்தது.

"இங்க ஒரு பப்பாளி வச்சேன் சார். பெண் மரம். பூக்குது, உதிருது. பக்கத்துல எங்கேயும் ஆண் மரமே இல்ல."

மறுநாள் லீவு போட்டேன். என் ஆண் மரத்தில் அன்று விரிந்த பூக்களை டிபன் பாக்ஸில் அடுக்கி, இரண்டு பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டே போனேன். என் மனைவிக்குக்கூட நான் அவ்வளவு பத்திரமாகப் பூ கொண்டுபோனதில்லை.