உத்தரத்தைத் தாங்கும் லாரி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வணக்கம் சொல்லி எழுதுவது. உங்களுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவன் ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆகவே எழுதிவிட்டேன். இனி உண்மை.

ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் லாரியை எடுத்துக்கொள்வதாகப் போனில் சொன்னீர்களாம். தயவுசெய்து வராதீர்கள். நானே போனில் சொல்லியிருப்பேன். உங்கள் மாப்பிள்ளை பாதியில் பிடுங்கி, "எல்லாம் ஜோரா போயிட்டிருக்கு மச்சான்" என்று பேசி வைத்துவிடுவார். லாரி கெட்டுப்போகவில்லை. யாருக்கும் விற்கவும் இல்லை. பட்டறைக் கூரை அதன்மேல் நிற்கிறது, அவ்வளவுதான்.

பட்டறையைப் புதுப்பிக்கப் பத்து நாளுக்கென்று வாங்கிவந்தார் அல்லவா, முதல் வாரம் குறை சொல்ல ஒன்றுமில்லை, செங்கல், மணல், சிமெண்டு, ஓடு என்று எதை ஏற்றினாலும் லாரி ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை, "இந்த வீட்ல சொன்னா சொன்னபடி கேக்கறது இது ஒண்ணுதான்" என்று என் காதில் விழும்படி அதைத் தட்டிக்கொடுத்தார், சாயந்திரமானால் அதற்குக் குளியல் வேறு, நானும் பொறுத்துக்கொண்டேன். அப்போதுதான் கொத்தனார், "நடுவுல இந்தத் தூண் எதுக்குண்ணே, எடத்த அடைச்சிக்கிட்டு?" என்று கேட்டார். இவரும் "அதானே!" என்றார். இரண்டு பேருமாக இடித்தார்கள். தூண் எதற்கு என்பது அது விழுந்த பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. மேலே உத்தரம் முனகியது பாருங்கள், அடுப்படியில் இருந்த எனக்கே கேட்டது. கொத்தனார் தெருவில் போய் நின்றுகொண்டார். இவர் மட்டும் லாரியைப் பின்பக்கமாக உள்ளே ஓட்டி, அதன்மேல் ஜாக்கியை வைத்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார். தைரியம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜாக்கிக்கு உயரம் போதவில்லை. ஓடி வந்தார், அங்குமிங்கும் பார்த்தார், ஜாக்கிக்கு அடியில் கொடுக்க, நான் உட்கார்ந்து சாமி கும்பிடும் பலகையை உருவிக்கொண்டு போய்விட்டார். முனகல் கேட்ட பயத்தில் அப்போது அதில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"ஒரே ஒரு ராத்திரிக்கு" என்றார். மறுநாள் மழை பிடித்தது. புதுத் தளம் போடக் கொத்தி வைத்த தரையெல்லாம் சேறு. அன்றிலிருந்து அந்த லாரியை யாரும் தொடக் கூடாது, அதில் சாயக் கூடாது, பக்கத்தில் நின்று தும்மக்கூடக் கூடாது. கொத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதைக் கடந்து போகிறார். என் சாமிக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

புது இரும்புத் தூண் ஒன்று வாங்கினார், அது இரும்புக் கடையிலேயே கிடக்கிறது. தூண் வந்தால் லாரியை எடுக்கலாம். தூணைக் கொண்டுவர லாரி வேண்டும். நான் படிக்காதவள், எழுத்துக்கூட்டித் தானாகக் கற்றுக்கொண்டவள், ஆனாலும் கேட்டேன்:

"வாடகைக்கு ஒரு வண்டி பிடிச்சா என்னங்க?"

"சொந்த வண்டி நிக்கிறப்ப வாடகை வண்டியா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

"அது எங்க அண்ணன் வண்டிங்க."

"உங்கண்ணன் வேற, நான் வேறயா? பிரிச்சுப் பேசாத."

இப்படி உங்கள்மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறார். நீங்களோ கடைச் சரக்கை எப்படிக் கொண்டுவருவது என்று தவித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பழுது பார்க்க வந்த தண்ணீர் மோட்டார்கள் எல்லாம் இப்போது என் சமையலறையில். குழம்பு தாளிக்க ஒன்றைத் தாண்ட வேண்டும், உப்பு எடுக்க இன்னொன்றை. வெறும் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினால், "அக்கா, எங்க மோட்டாரு இதுல எது? வீட்ல சொட்டுத் தண்ணி இல்லக்கா" என்று யாராவது தலைக்குமேல் வந்து நிற்கிறார்கள். தெருமுனையில் புதிதாக ஒருவன் பட்டறை திறந்திருக்கிறான், நம் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார்கள். வீட்டுக் கணக்கில் வரவு என்று போட்ட பக்கத்தில், பால் கணக்குக் குறிக்க வரும் பால்காரி என்னைக் கேட்காமலே பூனைப் படம் வரைந்து பார்க்கிறாள், அவ்வளவு காலி. பலகையாவது திருப்பிக் கொடுங்கள் என்றால், "நீ எங்க உக்காந்து கேட்டாலும் ஆண்டவனுக்குக் கேக்கும்" என்கிறார். கேட்கிறதா என்று எனக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது, அந்தப் பாவமும் இவர் கணக்கில்தான்.

ஆகவே அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். நீங்கள் லாரியை எடுத்தால் கூரை விழும், கூரை விழுந்தால் பட்டறை போகும், பட்டறை போனால் இவர் நாள் முழுக்க வீட்டில் இருப்பார். என்னை நினைத்துப் பாருங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. எந்தக் கூரைக்குக் கீழே போனாலும் முதலில் மேலே பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டிவிட்டேன், வீணாக்க மனமில்லை, அதனால்தான் இது வருகிறது. மேலே எழுதியதை நம்ப வேண்டாம். கடிதத்தை மடித்ததும் ஆத்திரம் தாங்காமல் பட்டறைக்குப் போய் லாரிமேல் ஏறிவிட்டேன். கொத்தனார், "அம்மா! எறங்குங்கம்மா! எல்லாரும் போய்ச் சேந்துருவோம்!" என்று அலறினார். ஜாக்கியைத் தூக்கினேன், கையோடு வந்தது. லாரி சேற்றில் இறங்கி இறங்கி, ஜாக்கிக்கும் உத்தரத்துக்கும் நடுவில் என் கை முழுசாக நுழையும் அளவுக்கு இடைவெளி. இத்தனை நாளும் உத்தரம் தன்பாட்டுக்கு நின்றிருக்கிறது. நாங்கள்தான் தும்மாமல் இருந்திருக்கிறோம். கொத்தனார் உடனே தன் சுவர்தான் தாங்கியது என்றார். இவர், பக்கத்தில் லாரி நின்ற தைரியத்தில்தான் கூரை நின்றது என்றார். நான் கும்பிட்டதைப் பற்றி இருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பலகையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஜாக்கி அழுத்திய வட்டம் அதில் அப்படியே இருக்கிறது.

இவர் முதல் வேலையாகச் சேற்றிலிருந்து லாரியைக் கிளப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கே என்று கேட்டதற்கு, "தூணை ஏத்திட்டு வர" என்றார். கொத்தனாரோ இவர் கிளம்பும்போதே, "நடுவுல தூண் வேணாம்ணே, எடம் அடைக்கும்" என்று சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வரை தாங்காது அண்ணா. இது கிடைத்ததும் கிளம்பி வாருங்கள், வந்து, லாரி மறுபடி உள்ளே போய்விடாதபடி பட்டறை வாசலில் குறுக்கே நில்லுங்கள்.