செம்புக் குன்று மேரி யாருடைய பாட்டு?

பேரன்புள்ள லவ்டே அக்காவுக்கு,

உன் தம்பி ஹெட்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் ஓரளவு நலம். ஆஸ்திரேலிய வெயிலில் நீயும் அத்தானும் வாடாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

நிற்க. இங்கிலாந்தின் மூலையில் கிடக்கும் நம் கார்ன்வாலின் பாட்டுகள் எவையெவை என்று தீர்மானித்துப் பாதுகாக்க நம் ஊரில் ஒரு குழு போட்டிருக்கிறார்கள். தலைவர் நான். பாடத் தெரியாதவன் எந்தப் பக்கமும் சாயமாட்டானாம். செயலாளர், நம் வில்ஃப் நான்கிவெல்லின் மகள் மொர்வென்னா. இங்கே பிறந்தவர் கட்டியதுதான் நம் பாட்டு என்று முதலில் முடிவெடுத்தோம். பப்பில் குடித்துவிட்டுப் பாடுவதில் பாதி அப்போதே போய்விட்டது. சரி, இங்கே பாடுவதெல்லாம் நம்முடையது என்று மாற்றினால், சனிக்கிழமை மைக் பிடித்துக் கத்தும் சினிமாப் பாட்டெல்லாம் உள்ளே வந்துவிட்டது. நம் பழைய கார்னிஷ் மொழியில் இருக்க வேண்டும் என்றோம். பாட்டு கிடைத்தது, மொர்வென்னாவைத் தவிரப் பாட ஆளில்லை. கடைசியில், கார்ன்வால்காரர் பாடினால் கார்ன்வால் பாட்டு என்று நான் சொல்லிப் பார்த்தேன். மீன் ஏலக் கூடத்தில் வேலை செய்யும் போலந்துக்காரன் மாரெக், எங்கள் பாடகர் குழுவின் அடிக்குரலே அவன்தான், எழுந்து, "அப்ப நானும் சேந்து பாடினா அது பாதி போலந்துப் பாட்டா, ஹெட்லி அண்ணே?" என்றான். நான் தண்ணீர் குடித்தேன்.

அதற்குப் பிறகுதான் வினை. "செம்புக் குன்று மேரி", நம் கடற்கரையைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவர் அமெரிக்க நாடகக் கொட்டகைக்கு எழுதியது என்று கண்டுபிடித்து மொர்வென்னா அதை நீக்கிவிட்டாள். பாடகர் குழுவின் பெரியவர் கிளாரென்ஸ் ஹாஸ்கிங் கிளம்பத் தொப்பியை எடுத்துக்கொண்டார். "ஏம்மா, உங்கப்பன் அதப் பாடித்தான் உங்கம்மாவ மடக்கினான். அப்படிப் பாத்தா நீயும் அமெரிக்க எறக்குமதிதான்." பாதிப் பாடகர்கள் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். மறு வாரம் வில்ஃப் காலமாகிவிட்டான். தன்னை அடக்கம் செய்யும்போது மேரி பாட்டைத்தான் பாட வேண்டும் என்று சொல்லியிருந்தானாம்.

கல்லறையில் கிளாரென்ஸ் கோஷ்டி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பெட்டி இறங்குகிறது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் தலைவர் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் என் செருப்பைப் பார்க்கிறேன். அப்போது மொர்வென்னாதான் ஆரம்பித்தாள். குரல் உடைந்து சுருதி எங்கேயோ போயிற்று. கிளாரென்ஸ் அவள் பக்கத்தில் வந்து நின்று பாட்டைத் தாங்கிப் பிடித்தார். மாரெக்கின் அடிக்குரல் அதற்கும் கீழே வந்து சேர்ந்தது. பிறகு எல்லோரும். நானும் பாடினேன், யாரும் தடுக்கவில்லை.

தேநீரும் குங்குமப்பூ பன்னும் சாப்பிடும்போது மொர்வென்னாவிடம் கேட்டேன்: "அப்ப மேரியச் சேத்துக்கலாமா?"

"முடியாது மாமா. அது நம்ம பாட்டு இல்ல."

"பின்ன ஏம்மா பாடின?"

"அப்பாவோட பாட்டாச்சே."

சரியாகச் சொன்னாள் என்று கிளாரென்ஸும் தலையாட்டுகிறார். எனக்கு மட்டும்தான் விளங்கவில்லையா, அக்கா? எல்லா விதிக்கும் பொருந்தி ஒரே பாட்டுத்தான் தேறியது: "சுரங்க வாசல் விளக்கே". இதே ஊரில் பிறந்தது, கலப்படமற்றது என்று கையெழுத்துப் போட்டு இன்று காலை மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். ஆண்டவர் உங்கள் கிணற்றையும் குரலையும் வற்றாமல் காப்பாராக.

உன் தம்பி,
ஹெட்லி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் பார்சல் வந்தது. உங்கள் பாடகர் குழுவின் இசைத்தட்டைக் கேட்டேன். "சுரங்க வாசல் விளக்கே" பிரமாதம். ஆனால் உங்கள் ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த ஒரு ஜெர்மன்காரர் அங்கேயே கட்டியது என்று அட்டையில் போட்டிருக்கிறதே. மொர்வென்னாவுக்கும் ஒன்று அனுப்பியிருப்பதாக வேறு எழுதியிருக்கிறாய். வாசலில் அவள் சைக்கிள் மணி கேட்கிறது.