பட்டுக் கட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போனது

கல்யாணமான புதிதில் எனக்குச் சக்களத்திகள் ஏராளம். எல்லாருக்கும் இறக்கை இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் வீட்டுக்காரருக்கு வாரத்தில் ஆறு நாள் தறி, ஞாயிற்றுக்கிழமையானால் கொக்கு, நாரை. பெரிய காஞ்சிபுரத்தில் மாமியார், மாமனார், நாத்தனார், ஓரகத்தி என்று அடைசலான வீடு. அதில் அவரோடு ரெண்டு வார்த்தை பேச வேண்டுமென்றால் ரசம் ஊற்றும்போது பேசினால்தான் உண்டு. ("இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" இதுதான் எங்கள் காதல் வசனம்.) கிடைக்கிற ஒரே ஞாயிற்றையும் பறவைகள் கொத்திக்கொண்டு போனால் வயிறு எரியாதா? "என்னையும் கூட்டிக்கினு போங்க" என்று ஒரு நாள் அழுதேவிட்டேன்.

அது மாசி மாதம். பாலாற்று முகத்துவாரத்தில் பூநாரைகள் இறங்கியிருந்தன. வெயில் ஏறினால் கிளம்பிவிடுமாம்.

"சரி, வா. ஒழுங்கா இருந்தியானா இனிமே வாரா வாரம் கூட்டிக்கினு போறேன். ஆனா ஒண்ணுமா, பளபளன்னு எதுவும் கட்டாத. மண்ணு கலர்ல டல்லா ஏதாவது கட்டிக்க. இல்லன்னா மிரண்டுடும்."

டல்லாகவா? பட்டு நெய்கிற வீட்டு மருமகள், புருஷனோடு முதன்முதலாக வெளியூர் போகிறாள். பருத்தியில் போனால் தறி நின்றுவிட்டது என்று தெருவே பேசாதா? பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, இருப்பதிலேயே டல்லாக ஒரு அரக்குப் பட்டை எடுத்தேன். சரிகை வெறும் ஒரு சாண்தான். (என் கணக்கில் அது துக்கம் விசாரிக்கக் கட்டுகிற புடவை.) அரக்கும் ஒருவிதத்தில் மண் நிறம்தானே என்று நியாயம் வேறு. முதல் பஸ்ஸில் பனிக்குப் போர்த்தியிருந்த சால்வையால் அது அவர் கண்ணில் படவில்லை.

கூட வந்தவர் அவருடைய கூட்டாளி கோதண்டம். எங்களுக்குத் தெரிந்து பைனாகுலர் வைத்திருந்த ஒரே ஆள். அதனால் அவர் சொன்னதுதான் சட்டம்.

மூவரும் ஒரு தாழம்புதருக்குப் பின்னால் குந்தினோம். எதிரே சேறு. அதற்கு அப்பால் கணுக்கால் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. கோதண்டம் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டுக்காரர் பிரசாதத்துக்கு நிற்பவர்போல் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒருவழியாகப் பைனாகுலர் அவர் கைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. புழுக்கம் தாங்காமல் சால்வையை எடுத்தேன்.

"யாருப்பா அது, கண்ணாடி காட்டிக்கினு?" என்று கிசுகிசுத்தார் கோதண்டம்.

கண்ணாடி இல்லை, என் முந்தானை. இருவரும் திரும்பினார்கள்.

"அடிப்பாவி! பட்டா?" என்றார் வீட்டுக்காரர்.

"டல்லுதாங்க," என்றேன்.

மறைத்துவிடலாம் என்று முந்தானையைச் செருக எழுந்தேன். கடற்காற்று அதைப் பிடுங்கிக் கொடி ஏற்றிவிட்டது. பூநாரைகள் அத்தனையும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தன. பறந்த முந்தானையை எட்டிப் பிடிக்கப் போய், முழங்கால்வரை சேற்றில் இறங்கி, "ஐயோ அம்மா!" என்று நான் போட்ட கூச்சல் செங்கல்பட்டு வரைக்கும் கேட்டிருக்கும். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் ஜிவ்வென்று கிளம்பிவிட்டது.

தொலைந்தது என் ஞாயிற்றுக்கிழமை என்று சேற்றிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். பார்த்தால் எங்கள் வீட்டுக்காரர்! என்னைத் தூக்க ஒரு கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தவர், இன்னொரு கையிலிருந்த பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. விழுந்த பிறகும் அது கண்ணில்தான் இருந்தது.

"செவப்பு! உள்ளாற செவப்புமா! அழுவாத, மேல பாரு, பாரு!"

பார்த்தேன். நான் வெள்ளை என்று நினைத்ததெல்லாம் இறக்கையை விரித்ததும் ரோஜாச் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. அப்படியொரு பார்டரை எங்கள் தெருவில் ஒருத்தரும் போட்டதில்லை. அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். சேற்றில் உட்கார்ந்துகொண்டு ரெண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

கோதண்டம் சிரிக்கவில்லை. பைனாகுலரைப் பிடுங்கித் துடைத்தார். "வருஷம் பூரா இதுக்காவ காத்துக்கினு இருந்தேம்பா. இனிமே அண்ணி வந்தாங்கன்னா நான் வரமாட்டேன். யோசிச்சி சொல்லு."

எங்கள் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை.

"அப்ப நீ வராதபா," என்றார்.

கோதண்டத்தோடு பைனாகுலரும் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் (நான் பருத்தியில், சத்தியமாக!) தென்னேரி ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து வெறுங்கண்ணால் பறவை பார்த்தோம். எங்கோ ஒரு புள்ளியைக் காட்டி, "அதோ, செங்கால் நாரை" என்பார். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. "ஆமாங்க, எவ்ளோ அழகா இருக்குது!" என்பேன். அப்புறம் பொழுது சாயும்வரை பேச்சுதான்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த புது மருமகளை என் பெண் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது என் காதிலும் விழுந்தது. "அப்பா வானத்துல எதையாவது காட்டினாருன்னா, தெரியலன்னு மட்டும் சொல்லிடாத அண்ணி. எங்கம்மா இத்தினி வருஷமா புள்ளியப் பார்த்துதான் குடும்பம் நடத்திக்கினு வராங்க."