திருத்தியமைத்த பிரிக் கேம்

ஓடுகிற சாமானைத் திருத்துவது புத்திசாலித்தனமா? தொண்ணூற்றாறாம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் கண்டி மஹய்யாவ நவரட்ணராஜாவைக் கேட்டிருந்தால், "புத்திசாலிதான் திருத்துவான்" என்று மார்தட்டியிருப்பார்.

மனுசன் அரசாங்கக் கந்தோரில் வரைபடக்காரர். ஆறுகளுக்கெல்லாம் பாலம் கீறிக் கொடுத்தவர். வீட்டிலோ ஒரு மாதமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எல்லாம் கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய பிரிக் கேம் செய்த வேலை. உள்ளங்கையளவு பெட்டி. மேலிருந்து கட்டைகள் விழும், இடம் பார்த்து அடுக்க வேண்டும். கரண்ட் போய் டிவி நின்றதும் புருசனும் பெண்சாதியும் போட்டி போடுவார்கள். தோற்றவர் ஒரு மாதம் தேங்காய்த் துருவலையில் குந்த வேண்டும். கமலாசனி ஒரு கண்ணை அடுப்பில் வைத்துக்கொண்டே எண்ணாயிரம் புள்ளி எடுத்திருந்தாள்.

அடுத்த போட்டி ஞாயிற்றுக்கிழமை. பெண்சாதியை மாற்ற முடியாது, பெட்டியை மாற்றலாம் என்று நவரட்ணராஜா முடிவு கட்டினார்.

"கமலம், இந்தச் சின்ன பெற்றறி ரெண்டு நாளில செத்துப்போகுது. நான் இதைப் புதுசா டிசைன் பண்ணப்போறன்."

"நல்லாத்தானே ஓடுது?"

"உனக்கு உதுகள் விளங்காது."

"ஓம், விளங்காதுதான். நீங்கள் திருத்தின ஸ்திரிக்கைப் பெட்டி நாலு வருசமாக் கதவுக்கு முண்டு குடுக்குது. அதுவும் எனக்கு விளங்கேல்ல."

இரண்டே நாளில் புது டிசைன் பிறந்தது. பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி. மூடியில் பதித்த பிரிக் கேம். உள்ளே இரண்டு பெரிய டோர்ச் பெற்றறி. சுற்றிக் கறுப்பு டேப். இடமும் வலமும் வாசல் மணி அழுத்துகிற பொத்தான்கள். கள்ளத்தனம் இங்கேதான்: இடப்பக்கத்தை அழுத்தினால் கட்டை வலப்பக்கம் போகும், வலத்தை அழுத்தினால் இடம் போகும். கமலாசனி தடுமாறுவாள். இவர் மட்டும் முன்கூட்டியே பழகிக்கொள்வார்.

பழகுவதற்காகச் சனிக்கிழமை காலை, கந்தோரில் அவசர வேலை என்று பொய் சொல்லிப் புறப்பட்டார். இவ்வளவு படித்தவருக்கு ஒன்று மட்டும் தோன்றவேயில்லை. யாழ்ப்பாணத்து மனுசன், வயரும் பெற்றறியும் டேப்பும் சுற்றிய பெட்டியோடு, கண்டியில், குண்டு தேடுகிற யுத்தகாலச் செக் பொயின்றைக் கடக்கப் போகிறார்.

சார்ஜன் பையைத் திறந்தார். பெட்டி "கீக்" என்றது. வரிசையில் நின்ற முப்பது பேரும் மாயமானார்கள். மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து சார்ஜனின் தொப்பி மட்டும் பேசியது.

"மே மொகத்த? என்ன இது?"

"கேம், சேர்! வெறும் கேம்!"

"கேம் எண்டா விளையாடிக் காட்டு!"

நவரட்ணராஜா ஆட்டத்தைத் தொடங்கினார். இடத்தை அழுத்தினார், வலம் போனது. பதறி வலத்தை அழுத்தினார், இடம் போனது. முப்பது புள்ளியில் ஆட்டம் முடிந்தது.

"உன்ட சாமான், உனக்கே விளையாடத் தெரியாதா? ஏறு ஜீப்பில!"

எதிர்க்கடை சாஹுல் ஹமீது கையை உயர்த்திக்கொண்டே வெளியே வந்தார். "பொறுங்க சேர், இவர நமக்குத் தெரியும். நான் போய் இவர்ட மிஸிஸக் கூட்டிட்டு வாறன்."

கமலாசனி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது.

"இதுதானோ அவசர வேலை?"

"கமலம், பிறகு பேசு. முதல்ல விளையாடிக் காட்டு. இல்லாட்டி என்னை ஏத்திப்போடுவாங்கள்!"

"நாளையான் போட்டியை இப்பவே, இதிலயே வைப்பம். சம்மதமோ? இல்லாட்டி அடுப்பில பருப்புக் கிடக்கு, நான் போய்வாறன்."

"சம்மதம்! சம்மதம்!"

சொன்ன பிறகுதான் நவரட்ணராஜாவுக்கு உறைத்தது. இவருடைய முப்பது புள்ளியை அவள் வென்றால் இன்னொரு மாதம் துருவலை. தோற்றால் ஜீப். கல்யாணமாகிப் பதினாறு வருசத்தில் முதன்முறையாக, பெண்சாதி வெல்ல வேண்டுமென்று பிள்ளையாரை மனமுருகி வேண்டினார்.

முதல் கட்டை தப்பான பக்கம் போனது. கமலாசனி ஒரு கணம் நிறுத்தி, புருசனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பெட்டியை மணல் மூட்டையில் வைத்து, இரண்டு கைகளையும் குறுக்காக மாற்றிப் போட்டுக்கொண்டாள். வலக்கை இடப் பொத்தானில், இடக்கை வலப் பொத்தானில். அவ்வளவுதான்! கட்டைகள் சொன்ன சொல் கேட்டன. ஆயிரம். மூவாயிரம். ஓடிய முப்பது பேரும் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆறாயிரத்தில் சார்ஜன் துப்பாக்கியைச் சாத்திவைத்துவிட்டுக் கைதட்டினார். ஒன்பதாயிரத்தில், "பருப்பு அடிப்பிடிக்கும்" என்று அவளே நிறுத்தினாள்.

சார்ஜன் பதிவுப் புத்தகத்தை எடுத்தார்.

"நோனா, இது யார்ட சாமான்?"

"என்ர."

"இந்த மாத்தயா?" சார்ஜன் நவரட்ணராஜாவைக் காட்டினார்.

"அவரும் என்ரதான், சேர். ஆனா டிசைன் இன்னும் சரிவரேல்ல."