எக்ஸ் என்பது ஓர் ஊர்

த்ரீ கிங்ஸ், ஆக்லாந்து.

அன்பின் மச்சான் செல்வரத்தினத்துக்கு,

நாங்கள் நலம். கனடாக் குளிரில் உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் நேர்ந்துகொள்கிறோம். என் போனை நீங்கள் எடுக்காததால் கடிதமாக எழுதுகிறேன். நீங்கள் பேசிவைத்த சம்பந்தம் ஞாயிற்றுக்கிழமை குழம்பியதற்கு உங்கள் தங்கை குணவதி காரணமல்ல, நான்தான்.

மகள் கிருசாந்திக்குப் பிரான்சில் ஒரு வருடம் லத்தீன் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஊரின் பெயர் எக்ஸ். ஓய்வுபெற்ற மனிதன், வேறென்ன வேலை? அவளுடைய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரிலேயே கிடந்தேன். அங்கே வெந்நீர் ஊற்றுகளைக் கண்ட ரோமர் ‘அக்வே’, அதாவது நீர்கள், என்று பன்மையில் பெயர் வைத்தார்களாம். அங்கே இருப்பதைச் சொல்ல ‘அக்வீஸ்’, நீர்களில். நம்முடைய ஏழாம் வேற்றுமை மாதிரி. வாய்க்கு வாய் தேய்ந்து அந்த ‘நீர்களில்’தான் எக்ஸ் ஆனது. ‘யாழ்ப்பாணத்தில்’ என்பதே ஊர்ப்பெயராகிவிட்டால் எப்படியிருக்கும், மச்சான்? யன்னலடியில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தால், நடந்து களைத்த படைவீரர்கள் ஆவி பறக்கும் நீரில் கால்களை விட்டுக் கண்மூடியிருப்பது தெரியும். குணவதி கூப்பிடுவது எங்கோ தூரத்தில் கேட்கும்.

அந்த மயக்கத்தில் நான் இருக்கும்போதுதான் ஆக்லாந்தின் தெற்கே உள்ள தகனினியிலிருந்து மாப்பிள்ளை வசீகரனும் தகப்பன் சுப்பிரமணியனும் வந்தார்கள். மகள் அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று தகப்பன் கேட்டார்.

“அவவுக்கு இப்ப முழுக்க எக்ஸ்தான் நினைப்பு. செப்டெம்பரில போய் ஒரு வருசம் இருந்திட்டு வருவா” என்றேன்.

தேநீர்க் கோப்பை அவர் வாய்க்குப் போகாமல் நின்றது. “அப்ப, முந்தியே ஒண்டு இருந்ததோ?”

பெயரின் வரலாற்றில் அவருக்கும் ஆர்வம் என்று மகிழ்ந்துபோனேன். “ஓம், முந்தியே இருந்தது. ஒண்டில்லை, பன்மை. எல்லாம் நல்ல சூடு.”

அவர் எழுந்து, மகனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். கிருசாந்தி, “அப்பா, ப்ளீஸ் ஸ்டாப்” என்றதோடு சரி. மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை. படிக்கப் போகவேண்டிய பிள்ளையின் முகம் வாடிக் கிடக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் சுப்பிரமணியனை அழைத்து, அது ஊர், பழைய காதலன் இல்லை என்று விளக்கிவிடுங்கள். கேட்கமாட்டாரென்றால் இந்தச் சம்பந்தத்தை விட்டுவிடுவோம்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பும் ஆசியும்.

இப்படிக்கு,
ஜெயரட்ணம்

பி.கு.: உறையை ஒட்டமுன் கிருசாந்தி வந்து பக்கத்தில் இருந்தாள். வசீகரன் வேலையிடத்திலிருந்து அழைத்தானாம். “எனக்கும் ஒரு எக்ஸ் இருந்தது. எப்பிடிச் சொல்லுறதெண்டு பயந்துகொண்டிருந்தன். உங்கட அப்பா எவ்வளவு ஈசியாச் சொல்லிட்டார்” என்றானாம். இவள் அது ஊர் என்று சொல்ல, இருவரும் சிரித்திருக்கிறார்கள். அவள் திரும்பி வரும்வரை காத்திருப்பானாம். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். தகப்பனிடம் வசீகரனே கதைப்பான். நான் மட்டும் யாருக்கும் எதையும் விளக்கவேண்டாமென்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.